வீட்டுக்குள் நன்றி: ஒரு நோட்டு, பத்து நிமிடம், ஆறு பருவம்

நன்றிக்குரியவற்றை எழுதிவைக்கும் நன்றி நோட்டு பெரும்பாலும் இப்படித்தான் சாகும். முதல் நாள்: ‘குடும்பம், ஆரோக்கியம், வேலை.’ இரண்டாம் நாள்: ‘குடும்பம், ஆரோக்கியம், மழை.’ ஐந்தாம் நாள் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. பத்தாம் நாள் நோட்டு எங்கே என்றே தெரியாது. எழுதியவருக்கு மனசு சரியில்லை என்று பொருளல்ல. ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குள் எட்டிப் பார்க்க எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

வீட்டில் நடப்பதில் பெரும்பகுதி, ஒழுங்காக நடக்கிறது என்ற ஒரே காரணத்தால் கண்ணில் படுவதில்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும் நாளில் மோட்டார் போட்டது யார் என்று யாரும் கேட்பதில்லை. குழாயில் காற்று வரும் நாளில்தான் அந்தக் கேள்வி வருகிறது. ஆகவே இங்கே சொல்லப்போகும் பயிற்சிகள் எல்லாம் கண்ணுக்கானவை. பார்த்துவிட்டால் மனசு தானாகப் பின்னால் வரும். வராத நாளும் உண்டு, அதைப் பற்றிப் பிறகு.

எவ்வளவு, எப்போது

ஒரு சாதாரண நோட்டு போதும். அழகான, விலை கூடிய நோட்டு வேண்டாம். அதில் கிறுக்கக் கை வராது. பேனாவை நோட்டோடு கயிற்றில் கட்டிவிடுங்கள். இதைச் சிரிக்காமல் செய்யுங்கள், பாதி நாள் பேனா தேடுவதில்தான் பழக்கம் நின்றுபோகிறது. ஒருமுறைக்குப் பத்து நிமிடம், அதிகபட்சம் மூன்று பதிவு.

தினமும் எழுதத் தேவையில்லை. 2003-இல் உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுவது. அதன் முதல் பகுதியில் மாணவர்களில் ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை, நன்றிக்குரிய ஐந்து விஷயங்கள் வரை, பத்து வாரம் எழுதினார்கள். தொல்லைகளை எழுதியவர்களைவிட இவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக மதிப்பிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து சோன்யா லியூபோமிர்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய கட்டுரையில் இன்னும் சுவாரசியமான ஒரு செய்தி இருந்தது: ஆறு வாரப் பயிற்சியில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது, வாரம் மூன்றுமுறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அடிக்கடி செய்தால் அது இன்னொரு வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். தினசரி எழுதிப் பலன் கண்ட ஆய்வுகளும் உண்டு. ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு வாரம் ஒருமுறையே நல்லது. பழகிய பிறகு, ஏதாவது ஒரு வாரத்தில் மட்டும் தினமும் எழுதிப் பார்க்கலாம்.

கடிகார நேரம் குறிக்காதீர்கள். ஏற்கெனவே வாராவாரம் தவறாமல் நடக்கும் ஒரு வேலையின் வாலில் இதைக் கட்டுங்கள்: துணி மடித்து முடித்ததும், வாரக் கடைசி இரவில் விளக்கணைக்கும் முன், வீட்டைப் பெருக்கி முடித்ததும். ‘எட்டரை மணிக்கு’ என்று வைத்தால், எட்டரைக்கு யாராவது போன் செய்வார்கள்.

ஒரு பதிவை எழுதுவது எப்படி

இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும். ஒருவர் செய்ததை நன்றிக்குரியதாக நம் மனம் எடுத்துக்கொள்வது மூன்று கணக்கைப் பொறுத்தது: அவர் வேண்டுமென்றே நமக்காகச் செய்தாரா, அதற்காக எதை விட்டுக்கொடுத்தார், நமக்கு அதனால் என்ன ஆயிற்று. உளவியலில் 1960-களிலிருந்தே தெரிந்த கணக்கு இது. இந்த மூன்றையும் தாளில் கொண்டுவந்துவிட்டால் பதிவுக்கு உயிர் வந்துவிடும். எனவே ஒவ்வொரு பதிவிலும் நான்கு துண்டு இருக்கட்டும்:

1. யார். பெயரோ உறவோ. ‘எல்லாரும்’ என்று எழுதக் கூடாது.
2. என்ன செய்தார். கேமராவில் படம் பிடிக்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும். ‘அன்பாக இருந்தார்’ என்பதைப் படம் பிடிக்க முடியாது. ‘கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்’ என்பதைப் பிடிக்கலாம்.
3. அவருக்கு என்ன செலவானது. தூக்கம், நேரம், முதுகுவலி, பார்த்துக்கொண்டிருந்த மேட்ச்.
4. இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்.

‘அப்பாவுக்கு நன்றி’ என்பது சப்பென்று இருக்கிறது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘வியாழன் இரவு நான் வர பன்னிரண்டு ஆனது. அப்பா முன்னறை விளக்கை எரியவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. நான் இருட்டில் சாவி தேடவில்லை.’ நான்கே வரி. ‘நன்றி’ என்ற சொல் எங்கும் இல்லை, தேவையும் இல்லை.

மூன்றாவது துண்டைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் பதிவு வெறும் நாட்குறிப்பு. ஒருவருக்கு என்ன செலவானது என்று தெரியவில்லையென்றால் அதுவே ஒரு செய்தி: போய்க் கேளுங்கள். ‘இந்த பில்லெல்லாம் கட்டி முடிக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?’ என்று கேட்டுப் பெறும் பதில், ஒரு மாத நன்றி நோட்டுக்குச் சமம்.

மூன்று கிடைக்காவிட்டால் ஒன்று போதும். எண்ணிக்கைக்காக ‘சூரியன் உதித்தது’ என்று இட்டு நிரப்பினால், அடுத்த வாரம் நீங்களே உங்கள் நோட்டை நம்ப மாட்டீர்கள்.

ஒன்றுமே தோன்றாத வாரத்துக்கு

முதல் வழி, நாளைக் கூறு போட்டுப் பார்ப்பது. தமிழ் இலக்கணம் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்து வைத்திருக்கிறது: வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம். ஒவ்வொன்றும் பத்து நாழிகை, நம் கணக்கில் நான்கு மணி நேரம். ‘இன்று என்ன நல்லது நடந்தது?’ என்று கேட்டால் மனம் வெறுமையாக நிற்கும். ‘இன்று எற்பாட்டில், அதாவது இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில், வீட்டில் யார் எங்கே இருந்தார்கள், என்ன செய்துகொண்டிருந்தார்கள்?’ என்று கேட்டால் படம் வரும். ஆறு பொழுதையும் சுற்றி வர இரண்டு நிமிடம்கூட ஆகாது. வைகறையிலும் யாமத்திலும் அதிகம் கிடைக்கும். மற்றவர் தூங்கும்போது நடக்கும் வேலைகள் அங்கேதான் இருக்கின்றன.

இரண்டாவது வழி கழித்தல். உங்களிடம் உள்ள ஒன்று எப்படி வந்தது என்று நினைப்பதைவிட, எப்படி வராமலே போயிருக்கக்கூடும் என்று நினைப்பது மனதை அதிகம் அசைக்கும். 2008-இல் மின்கியோங் கூவும் மற்றவர்களும் இதைச் சோதித்தார்கள். துணையைச் சந்தித்த கதையை எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருக்கக்கூடிய வழிகளை எழுதியவர்களுக்கு உறவில் நிறைவு கூடியிருந்தது. ஒரு எச்சரிக்கை: கழிக்கும்போது சந்திப்பை, முடிவை, தற்செயலைக் கழியுங்கள். உயிரோடு இருப்பவர் இறந்துவிட்டதாகக் கற்பனை செய்யாதீர்கள். அது நன்றியில் முடியாது, பதற்றத்தில்தான் முடியும்.

மூன்றாவது, நடக்காமல் போனவற்றைத் தேடுவது. காலாவதியாகாத மருந்து, வழுக்காத குளியலறைத் தரை, தவறிப்போகாத கட்டணத் தேதி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கை இருக்கும்.

தெரியாத வேலைகளின் பட்டியல்

குடும்பத்தில் நன்றி வறண்டுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் கல்நெஞ்சு அல்ல, கணக்குப் பிழை. 1979-இல் மைக்கேல் ராஸும் ஃபியோர் சிகோலியும் கணவன், மனைவி இருவரிடமும் தனித்தனியாக, ‘வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு?’ என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் மொத்த வேலையைவிட அதிகமாக வந்தது. பொய் சொல்லவில்லை, அவரவர் செய்தது அவரவருக்கு எளிதில் நினைவுக்கு வருகிறது. மற்றவர் செய்யும்போது நாம் அங்கே இருப்பதில்லை.

இதைச் சரிசெய்ய ஒரு வாரப் பயிற்சி. பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தாளில், மற்றவர் செய்யும் வேலைகளை மட்டும் எழுத வேண்டும். தன் வேலையை எழுதக் கூடாது, இதுதான் விதி. வாரக் கடைசியில் தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். பெற்றுக்கொண்டவர் விட்டுப்போனவற்றை வேறு நிற மையில் சேர்க்கலாம், ஐந்துக்கு மேல் கூடாது. ஐந்து என்று எல்லை வைக்காவிட்டால் தாள் குற்றப்பத்திரிகை ஆகிவிடும்.

கைவேலையை எல்லாரும் எழுதிவிடுவார்கள். நினைவுவேலையை யாரும் எழுத மாட்டார்கள்: எண்ணெய் தீரப்போகிறது என்று தெரிந்திருப்பது, தடுப்பூசி எப்போது என்று மனதில் வைத்திருப்பது, யார் யாருடன் பேச்சு நின்றிருக்கிறது என்று அறிந்து விருந்தில் இடம் மாற்றி உட்கார வைப்பது. வேறு நிற மையில் வருபவை பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். பட்டியலைப் பார்த்ததும் வேலைப் பங்கீடு அநியாயமாக இருப்பது தெரிந்தால், நன்றி சொல்லி அதை மூடக் கூடாது. இரண்டு வேலையையாவது கை மாற்றுங்கள். வாயால் நன்றியும் தலையில் அதே சுமையும் என்றால், அடுத்த முறை நன்றி கேட்கும்போது எரிச்சல்தான் வரும்.

சொல்வது

நோட்டில் எழுதியதை நேரில் சொல்வதில் தமிழருக்கு ஒரு சங்கடம் உண்டு. வீட்டுக்குள் ‘நன்றி’ என்றால் மேடைப்பேச்சு போல ஒலிக்கிறது, ‘தேங்க்ஸ்’ என்றால் விருந்தாளி போல. அம்மாவிடம் சொன்னால் ‘என்ன புதுசா?’ என்பார். அந்தச் சொல் வேண்டாம். செயலைச் சொல்லுங்கள், போதும்.

‘நேத்து நீ முழிச்சிருந்ததாலதான் மருந்து நேரத்துக்குப் போச்சு.’ ‘அப்பா, நீங்க முன்னாடியே குடையை எடுத்து வாசல்ல வச்சிருந்தீங்க, பாத்தேன்.’ இந்தப் ‘பாத்தேன்’ என்ற சொல்லுக்கு இருக்கும் வலு ‘நன்றி’க்கு இல்லை. 2016-இல் சாரா அல்கோவும் மற்றவர்களும் தம்பதிகளிடம் கவனித்தது இதை ஒட்டியதே: ‘எனக்கு வசதியாக இருந்தது’ என்பதைவிட, செய்தவரின் குணத்தையும் செயலையும் பாராட்டிய பேச்சுதான் கேட்டவரிடம் அதிகம் வேலை செய்தது. ஆகவே ‘எனக்கு’ என்பதில் தொடங்கினால் ‘நீ’ என்பதில் முடியுங்கள்.

கெடுக்கும் வழிகள் மூன்று. ‘ஆனா’ என்று தொடர்வது ஒன்று: ‘நல்லா அடுக்கியிருக்க, ஆனா...’ என்றதும் முன்பாதி அழிந்துவிடும். நன்றியோடு ஒரு வேலையைச் சேர்த்துக் கொடுப்பது இரண்டாவது, அது லஞ்சம் போலாகும். மூன்றாவது, நாலு பேர் நடுவில் சொல்வது. கூச்ச சுபாவம் உள்ளவருக்கு அது தண்டனை. தனியாக, கை ஏதோ வேலையில் இருக்கும்போது, முகம் பார்க்காமல் சொன்னால்கூடப் போதும்.

முகத்துக்கு நேரே சொல்ல வராதவர்கள் கடிதம் எழுதலாம். அரைப்பக்கம், ஒரே ஒரு சம்பவம். எழுதுபவர்கள் பெறுபவரின் சங்கடத்தை அதிகமாகவும், அவர் அடையும் வியப்பையும் மகிழ்ச்சியையும் குறைவாகவும் மதிப்பிடுகிறார்கள் என்று அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2018-இல் காட்டினார்கள். அழகாக எழுத வேண்டுமே என்று எழுதுபவர் கவலைப்படுகிறார், வாசிப்பவரோ அன்பைப் பார்க்கிறார். எழுத்துப்பிழையோடு கொடுங்கள்.

பதில் எதிர்பார்க்காதீர்கள். ‘சரி சரி, போய்ப் படு’ என்பதே பல வீடுகளில் கிடைக்கும் மிக உயர்ந்த பதில்.

பிள்ளைகளும் பெரியவர்களும்

‘மாமாவுக்கு தேங்க்ஸ் சொல்லு’ என்று குழந்தையின் தோளை அழுத்துவது மரியாதைப் பயிற்சி. அது தேவைதான், ஆனால் நன்றிப் பயிற்சி வேறு. 8 முதல் 11 வயது வரையான பிள்ளைகளுக்கு மேலே சொன்ன மூன்று கணக்கையும் வகுப்பில் கற்றுக்கொடுத்துப் பலன் கண்ட ஆய்வு இருக்கிறது. வீட்டில் அதையே கேள்விகளாக்கலாம்: ‘அண்ணன் ஏன் உனக்கு அதைக் கொடுத்தான்? கொடுத்ததால் அவனுக்கு என்ன குறைந்தது? உனக்கு என்ன ஆச்சு?’ ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால் விசாரணைக் கமிஷன். ஐந்து வயதுக்குக் கீழே கேள்வியே வேண்டாம், நீங்கள் மற்றவரிடம் சொல்வதை அது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

பதின்வயதினரை வட்டமாக உட்கார வைத்து ‘ஒவ்வொருவரும் ஒன்று சொல்லுங்கள்’ என்று தொடங்காதீர்கள். ஒரு டப்பா, சில துண்டுச்சீட்டு, பெயர் போடக் கட்டாயமில்லை. மாதம் ஒருமுறை திறந்து வாசியுங்கள். கிண்டல் சீட்டு வந்தால் அதையும் வாசித்துச் சிரித்துவிடுங்கள், மறுமாதம் உண்மையான சீட்டும் வரும்.

வயதானவர்கள் விஷயத்தில் திசையைத் திருப்ப வேண்டும். நாள் முழுக்கப் பிறர் உதவியிலேயே இருப்பவருக்கு நன்றி எளிதில் கடன்பட்ட உணர்வாக, ‘பாரமாகிவிட்டேன்’ என்பதாக மாறிவிடும். அவர் உங்களுக்குச் செய்தவற்றை நீங்கள் எழுதி அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ஆண்டு, இடம், ஆள் எல்லாம் சேர்த்து வாசியுங்கள். தவறாக எழுதியிருந்தால் அவரே திருத்துவார், அதுவே பாதி நோட்டை நிரப்பும்.

பருவப் பக்கம்

மாறாமல் இருப்பது எதுவானாலும் மனம் அதற்குப் பழகி, பிறகு அதைப் பார்ப்பதை நிறுத்திவிடும். போய்த் திரும்பி வருவதற்கு அவ்வளவு சீக்கிரம் பழகாது. நோட்டில் பருவங்களைச் சேர்ப்பது இதற்காகத்தான். ஆண்டை கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பிரிக்கும் பெரும்பொழுதுக் கணக்கு, ஒன்றுக்கு இரண்டு மாதம் தருகிறது. மூன்று மாதம் என்றால் தொடக்கம் மறந்துபோகும், ஒரு மாதத்தில் எதுவும் கண்ணுக்குத் தெரியும்படி மாறியிருக்காது. இரண்டு மாதம் சரியான அளவு. நீங்கள் வாழும் இடத்தில் வானிலை வேறு மாதிரி என்றால் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, பெயரை நீங்களே வையுங்கள். ‘ஜன்னல் திறக்க முடியாத காலம்’, ‘துணி அரை நாளில் காயும் காலம்’ என்பவை அருமையான பெயர்கள்.

செய்முறை: வீட்டில் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மேற்கோ கிழக்கோ பார்த்த ஜன்னல், மாடிப்படி, வாசல், எதுவானாலும் சரி. பருவத்தின் முதல் வாரத்தில் ஒரு பக்கம், கடைசி வாரத்தில் ஒரு பக்கம், அதே இடத்தில் அதே நேரத்தில் எழுதுங்கள். வெளிச்சம் எதுவரை விழுகிறது, காற்று எந்தப் பக்கம், என்ன சத்தம், எந்தப் பறவை அல்லது பூச்சி வந்திருக்கிறது அல்லது போய்விட்டது, வீட்டில் யார் எந்த மூலைக்கு இடம் மாறிவிட்டார்கள். கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். வெயில் காலத்தில் எல்லாரும் ஒரே அறைக்கு வந்துவிடுவதும், குளிரில் ஒரே போர்வைக்குள் சண்டை போடுவதும் அந்த வரியில்தான் பிடிபடும்.

சூரியன் மறையும் இடத்தை எதிர்வீட்டுச் சுவர், மரம், கோபுரம் என்று ஏதாவது ஒன்றோடு சேர்த்துக் குறித்துவையுங்கள். அது ஆண்டு முழுக்க அடிவானத்தில் நகரும். நிலநடுக்கோட்டுப் பகுதியிலேயே வடகோடிக்கும் தென்கோடிக்கும் ஏறத்தாழ 47 பாகை இடைவெளி உண்டு, அங்கிருந்து விலக விலக இது கூடும். மார்ச், செப்டம்பர் மாதங்களின் மூன்றாம் நான்காம் வாரத்தில் நகர்வு வேகமாகத் தெரியும். ஜூன் 21, டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் நின்றுவிட்டது போலவே இருக்கும். ‘ஒன்றும் மாறவில்லையே’ என்று அந்த வாரத்தில் நோட்டை மூடிவிடாதீர்கள்.

பிடிக்காத பருவத்தைப் பிடித்ததாக எழுத வேண்டாம். புழுக்கம் புழுக்கம்தான். அந்தப் புழுக்கத்தில் யார் எதைச் செய்து அதைத் தாங்கும்படி ஆக்கினார்கள் என்று மட்டும் எழுதுங்கள். இரண்டாம் ஆண்டு அதே பருவம் வரும்போது பழைய பக்கத்தை முதலில் படித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். போன ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தவர் இப்போது இல்லாமல் இருக்கலாம், அல்லது புதிதாக ஒருவர் தவழ்ந்துகொண்டிருக்கலாம். இந்தப் பயிற்சியின் உண்மையான விளைச்சல் இரண்டாம் ஆண்டில்தான்.

எங்கே தவறும்

‘அவர்களைப் போல இல்லையே, அதற்காவது’ என்று ஒப்பிட்டு வரும் நிம்மதிக்கு ஆயுள் குறைவு. நாளை நம்மைவிட நன்றாக இருப்பவரைப் பார்த்ததும் கவிழ்ந்துவிடும்.

‘இவ்வளவு இருக்கிறது, நன்றியோடு இரு’ என்று இன்னொருவரின் குறையை அடக்க இதைப் பயன்படுத்தக் கூடாது. குறையை முதலில் கேட்டு முடியுங்கள். நன்றி அவரவர் நோட்டில் அவரவர் கையால் எழுதுவது, அடுத்தவரிடம் வசூலிப்பதல்ல. அடி, மிரட்டல், அவமானம் இருக்கும் வீட்டில் இந்தப் பயிற்சியே வேண்டாம். அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு.

துக்க வீட்டில் சில மாதம் நோட்டு மூடியே இருக்கட்டும். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் போய்விட்டன என்றால் மருத்துவரைப் பாருங்கள். இந்தப் பயிற்சிகளின் பலன் மிதமானது என்றுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், இது சிகிச்சைக்கு மாற்று இல்லை.

இரண்டு வாரம் விட்டுப்போனால் விட்டதை ஈடுகட்ட உட்காராதீர்கள். இந்த வாரத்துக்கு ஒன்று எழுதிவிட்டுப் போங்கள்.

நோட்டு நிரம்பியதும் அட்டையில் தொடங்கிய பருவத்தையும் முடிந்த பருவத்தையும் எழுதி, வீட்டில் எல்லாரும் எடுத்துப் படிக்கலாமா கூடாதா என்பதையும் அங்கேயே குறித்துவிடுங்கள். பிறகு பழைய நோட்டைப் புரட்டி, நேரில் சொல்ல நினைத்து இன்னும் சொல்லாமல் இருக்கும் பதிவு ஒன்றைத் தேடி எடுங்கள். புதிய நோட்டின் முதல் பக்கத்தில் அதையே பார்த்து எழுதி, பக்கத்தில் ஒரு தேதி போடுங்கள்.